நூல் கடித்த பல்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சண்முகசுந்தரத்தின் தையல் கடையில் அளவெடுக்கும் டேப் ஒருவன் கழுத்தில்தான் தொங்கும். மற்றவர்கள் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் மெஷினுக்கு முன்னால் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். வாசற்படி ஏறி வருகிறவரை நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார், எப்படி வச்சுத் தைக்கணும்?" என்று கேட்கிற உரிமை டேப் போட்ட கட்டிங் மாஸ்டருக்கு மட்டுமே உண்டு.

1972ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அந்த டேப் வேம்புலியின் கழுத்துக்கு வந்தது. ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிற பையன். அவன் அப்பா பிறத்தியார் வயலில் நாற்று நட்டுச் செத்தவர். தன் உடம்புக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்துப் போட்டதில்லை. அவர் மகன் ஊரார் உடம்பையெல்லாம் அளந்து துணியில் கோடு போடப் போகிறான் என்ற செய்தி வந்த அன்று, அக்கா அங்கம்மா அவனுக்குத் திருஷ்டி சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டாள்.

அந்த டேப் சும்மா வரவில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் தொடங்கி, காலர், கை, பாக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கற்று, கடையிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவன் வேம்புலி. அவன் தையலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே அரிசி முனை அளவுகூட வித்தியாசம் இருக்காது. வேகத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. ஒரு தையல் முடிந்ததும் மற்றவர்கள் கத்தரியைத் தேடுவார்கள். வேம்புலி துணியை அப்படியே வாய்க்குத் தூக்கி, நூலை வலது பக்கப் பல்லில் இழுத்துப் பிடித்து முன்பல்லால் ஒரு கடி கடிப்பான். 'டக்' என்று அறுந்துவிடும். மற்றவன் கத்தரியைக் கண்டுபிடிப்பதற்குள் இவன் அடுத்த கையைப் பாதி தைத்திருப்பான். வருஷக்கணக்காகக் கடித்ததில் அவன் முன்பல்லின் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதை நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமை.

அவனுக்கு முன் டேப் போட்டிருந்தவர் இராமகிருஷ்ணன் மாஸ்டர். கைத்தையலுக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் வேம்புலியைத்தான் கூப்பிடுவார். வெகு காலமாக அப்படித்தான். தன் மேல் உள்ள பிரியத்தால் கூப்பிடுகிறார் என்று வேம்புலி நினைத்திருந்தான். முந்தின வருஷம் மாஸ்டருக்கு மேல்வரிசையில் இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு கண்ணில் பால் ஊற்றியதுபோல மங்கிவிட்டது என்று சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது எல்லாரும் கேள்விப்பட்ட சங்கதிதான். இப்போது கடை முழுக்க அதை நேரிலேயே பார்த்துவிட்டது.

வேம்புலி டேப் போட்ட முதல் வாரத்திலேயே வினை வந்தது. குமணஞ்சாவடியில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் பேண்ட் தைக்கத் துணி கொண்டு வந்தார். அந்தக் கடை வழக்கப்படி மாஸ்டர் அளவெடுத்து உரக்கச் சொல்ல வேண்டும். முதலாளி அதைப் புத்தகத்தில் எழுதுவார். வேம்புலி அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றி, நிமிர்ந்து, "இடுப்பு முப்பத்தாறு" என்றான்.

அவர் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். "இன்னா மாஸ்டர், காலங்காத்தால கருவாடா?"

கடை முழுக்கச் சிரித்தது. வேம்புலியும் சிரித்தான். ஆனால் அவன் காலையில் தின்றது பழைய சோறும் வெங்காயமும். மெஷினுக்குப் பின்னாலிருந்து கூடத் தைக்கிற கிறிஸ்துதாஸ் குரல் கொடுத்தான். "கருவாடா இருந்தா பரவால்ல சார். அது ஒரு நாளிக்கித்தான நாறும்!"

இந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. அப்போதுதான் வேம்புலிக்கு உறைத்தது. இவர்களுக்கெல்லாம் இது முன்பே தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவன் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அக்காவின் முன்னால் போய் நின்றான். அங்கம்மா கடையிலிருந்து அனுப்பிய சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எம்மூஞ்சாண்ட வா. என் வாயி நாறுதா?"

அங்கம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. நாறுதா இல்லியா?"

"கொஞ்ச நாளா கீது நைனா."

"கொஞ்ச நாளுன்னா?"

"போன தீவாளிலேர்ந்து."

"ஏங்கா சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சி சுண்டிப் பூடும். வயித்து சூடு, தானாப் பூடும்னு நெனச்சேன். அதான் வெந்தயம் ஊறப் போட்டுக் குட்த்துகினு இருந்தேன்."

தினம் காலையில் எதற்காக வெந்தயம் கொடுக்கிறாள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வேம்புலிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உமிக்கரியால் தேய்த்தான். செங்கல் தூளால் தேய்த்தான். வேப்பங்குச்சியை நார் நாராகும்வரை மென்றான். நாக்கை வழித்து வழித்துப் புண்ணாக்கிக்கொண்டான். கொய்யாக் கொழுந்து மென்றால் சரியாகும் என்று யாரோ சொல்ல, பருத்திப்பட்டில் ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேலிக்கு மேல் கையை நீட்டிப் பறித்தான். உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்வான், ஒன்றும் தெரியாது. மணிக்கட்டை நக்கி, காயவிட்டு முகர்வான். தெரிவது போலவும் இருக்கும், தெரியாதது போலவும் இருக்கும். பித்தளைச் சொம்புக்குள் ஊதிப் பார்த்தான். சொம்பு நாற்றமா, தன் நாற்றமா என்று புரியாமல் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி மறுபடியும் ஊதினான்.

தன் மூக்கை நம்ப முடியாமல் போகவே, அவன் அடுத்தவர் மூக்கைப் பார்க்கத் தொடங்கினான். சிலர் மூக்கு லேசாகச் சுருங்கும். சிலர் மீசையை நீவுவது போல விரலை மேலே கொண்டுபோவார்கள். பீடி பிடிக்கிறவர்கள் உடனே ஒன்றைப் பற்ற வைப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ரோட்டில் ஏதோ இருப்பது போல அந்தப் பக்கம் திரும்புவார்கள். அவரவருக்கு ஒரு தினுசு. ஆளின் தோள் அகலம் மனதில் நிற்க வேண்டிய இடத்தில் மூக்கு நின்றது.

பிறகு கிராம்புக்கும் ஏலக்காய்க்கும் போனான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம். ஆள் வருவதைப் பார்த்ததும் இரண்டை வாயில் போட்டுக் கடிப்பான். வாசனை தூக்கியது. நாற்றம் அடங்கியதாகவே நினைத்தான். ஆனால் காலம் வேறு மாதிரி இருந்தது. முந்தின வருஷம்தான் சாராயக் கடைகளைத் திறந்திருந்தார்கள். காலையில் கிராம்பும் ஏலக்காயும் மணக்க வருகிறவன் எதை மறைக்கிறான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"மச்சான், எந்தக் கடைல ஊத்திக்கற?" என்று கிறிஸ்துதாஸ் காதோரம் கேட்டான். "கரையான்சாவடியா? அங்க கலப்படம்னு சொல்றாங்க, பாத்துக்கோ."

"டேய், நான் கையால தொட்டதில்லடா!"

"கையால எவன்டா குடிக்கறான்?"

விளையாட்டாகப் பேசியது விளையாட்டாக நிற்கவில்லை. மகனுக்குக் கல்யாணச் சட்டை தைக்க வந்த ஒரு பெரியவர், "குடிகாரன் கைல கல்யாணத் துணியா?" என்று மடித்த துணியை மறுபடியும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். சண்முகசுந்தரம் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

"வேம்புலி, இங்க வா. குடிக்கறியா?"

"எங்க அக்கா மேல சத்தியமா இல்ல மொதலாளி."

"அப்ப எதுக்கு லவங்கம்?"

வேம்புலி சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைக் கையால் மூடிக்கொண்டான். வாய் நாறுகிறது என்று தன் வாயாலேயே சொல்வதைவிடக் குடிக்கிறேன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. முதலாளி அவன் பக்கம் குனிந்து பார்த்தார். அவருக்கும் மூக்கு இருக்கிறதே.

"தோ பார். ஆயுத பூஜை முடிஞ்சா தீபாவளி ஆர்டர் வந்து குவியும். நீ நல்லா வெட்றே, நான் இல்லேங்கல. ஆனா வர்ற ஆளு உங்கிட்ட நிக்கணுமே. பூஜைக்குள்ள சரி பண்ணிக்க. இல்லன்னா அம்பத்தூர்லேர்ந்து ஒரு மாஸ்டரக் கூட்டியாறேன். அப்பறம் எம்மேல வருத்தப்படாத."

வேம்புலி கிராம்பை விட்டான். அதற்குப் பதிலாக ஒரு புது வழி கண்டுபிடித்தான். ஆளின் முன்னால் நிற்காமல் பின்னால் நின்று அளந்தான். டேப்பைப் பின்னாலிருந்து மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து முதுகிலேயே படித்தான். வாயைத் திறக்கவும் இல்லை. மேசைமேல் அளவைச் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவான்; முதலாளி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதுவார். வந்தவர்கள், "மாஸ்டர் மௌன விரதமா?" என்று கேட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்ததில் அவனுக்குக் காதெல்லாம் அடைத்தது.

இதற்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. மூச்சு முட்டிய அவசரத்தில் ஒரு நாள் இடுப்பு அளவையும் பின்புறத்துச் சீட் அளவையும் இடம் மாற்றி எழுதிவிட்டான். புதுத் துணியில் வெட்டிய பெல்பாட்டம், போட்டுப் பார்த்த பையனின் தொடைக்கு மேலே ஏறவே இல்லை. மேலே பார்த்தால் இடுப்பில் இன்னொருவன் நுழையலாம் போல் இருந்தது. பையனின் நண்பர்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். வேம்புலியின் கையில் வெட்டிய துணி பாழானது அதுதான் முதல் தடவை.

சண்முகசுந்தரம் புத்தகத்தை மூடினார். எழுந்து வந்து அவன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார். "போய் மெஷின்ல உக்காரு. பூஜை வரைக்கும் அங்கியே தொங்கட்டும்."

மெஷினில் உட்கார்ந்தால் அந்த ஆணி நேர் எதிரே தெரிந்தது. தைக்கிற நேரமெல்லாம் மின்விசிறிக் காற்றில் டேப்பின் நுனி ஆடிக்கொண்டே இருந்தது.

வேம்புலி வீட்டிலும் கடையிலும் சொல்லாத ஒன்று இருந்தது. வலது பக்கம் மேலே, கடைவாயில் ஒரு பல் ரொம்ப நாளாகவே சரியில்லை. அதற்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே சந்து விழுந்து ஈறு வீங்கியிருந்தது. அழுத்தினால் உப்புக் கரிக்கும். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டாக்டர் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாத்தம் வர்ற எடம் அதுதான். பல் டாக்டர்கிட்ட போ, எடுக்க வேண்டியிருக்கும்" என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். வேம்புலி, "வயித்துக்கே ஏதாவது குடுங்க டாக்டர்" என்று கெஞ்சி ஒரு சீசாவில் மருந்து வாங்கிவந்து விட்டான்.

மேல் பல். வலது பக்கம். கண்ணை மூடினால் இராமகிருஷ்ணன் மாஸ்டர் தெரிந்தார். வாய் நாறினால் டேப் போகும். பல்லை எடுத்தால் கண் போகும். கண் போனால் மெஷினும் இல்லை. இந்தக் கணக்கைச் சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் போட்டுப் போட்டு, ஒரு நாள் காடுவெட்டி அருகே ஒரு மாட்டு வண்டியில் மோதிக்கொண்டான்.

டேப் ஆணிக்குப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அங்கம்மா மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள். தம்பி வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணின் மேல் ஒரு கறுப்பு லைனிங் துணியை மடித்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தான். கையில் ஊசி. முன்னால் கிழித்த துணித் துண்டுகள். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, கண்ணுக்கு இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணியும் ஆவல. இனிமேல்தான் ஆவப் போவுது."

"இன்னா ஒளர்ற?"

"பல்லாலதான் நாத்தம், புடுங்கணும்னு டாக்டரு சொன்னாரு. வலது பக்கப் பல்ல புடுங்குனா வலது கண்ணுதான போவும்? எடது கண்ணு நிக்கும். ஊசில நூலு கோக்கறதே ஒத்தக் கண்ணுல தானக்கா, எல்லாரும் ஒரு கண்ண மூடிக்கினுதான கோக்கறோம்? அதான் பழகிப் பாக்கறேன். கை தையலு வருது. கோடு போடறதுலதான் கொஞ்சம் இடிக்குது. நேராப் போடறேன்னு நெனச்சா கோணிக்கினு போவுது."

அங்கம்மா கூடையைக் கீழே வைத்தாள். அவன் தைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதல் துண்டில் தையல் நண்டு ஓடியதுபோல் இருந்தது. கடைசித் துண்டில் வேம்புலியின் தையலே வந்துவிட்டிருந்தது. எத்தனை நாளாக இதைச் செய்கிறான் என்று துண்டுகளை எண்ணினாள். எண்ணும்போதே சிரிப்பும் வந்தது.

"அந்த துணிய அவுருடா மொதல்ல. பாக்கறவங்க மெட்ராஸ் கண்ணுன்னு கிட்ட வர மாட்டாங்க."

"இப்ப மட்டும் வராங்களாக்கும்."

"நாளிக்கே போலாம். நானும் வரேன். ரெண்டு கண்ணும் போனாக்கூட உன்ன உக்கார வச்சு நான் சோறு போடுவேன். இப்பிடி குந்திக்கினு கோணக் கோடு போட்டுகினு இராத."

மறுநாள் காலை ஆவடியில் ரயிலேறி இருவரும் மெட்ராஸ் போனார்கள். பல்லுக்கென்றே இருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி. ரயிலில் வேம்புலி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வலது கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தான். அம்பத்தூரில் புதிதாக எழும்பியிருந்த தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள், வில்லிவாக்கத்தில் தண்டவாளத்தோரம் உலர்த்தியிருந்த புடவைகள், பேசின் பிரிட்ஜில் கரிக் குவியல். கரிக் குவியலைக்கூட விடவில்லை.

பல்லைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். முகத்தைத் திருப்பவில்லை. மூக்கும் சுருங்கவில்லை. வேம்புலி அதைத்தான் முதலில் கவனித்தான்.

"முன்பல்லுல இது என்ன பள்ளம்? நீங்க டைலரா?"

வாயில் கண்ணாடியோடு அவன் தலையாட்டினான்.

"நூலைப் பல்லால கடிப்பீங்களா? கத்தரி இல்லையா கடையில?"

"கத்தரி கீதும்மா. இவன் கடிச்சான்னா கத்தரியவிட சுருக்கா வரும்" என்று அங்கம்மா பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் கொக்கி போன்ற ஒரு கருவியை எடுத்துக் கடைவாய்ச் சந்தில் விட்டார். வேம்புலிக்கு உயிர் போனது. எதையோ பிடித்து மெல்ல இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். ஈரமாக, பழுப்பாக, சின்ன உருண்டை. வீசிய நாற்றத்தில் அங்கம்மாவே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். டாக்டர் அதைத் தண்ணீரில் அலசிக் கருவியின் நுனியால் பிரித்தார். உள்ளே நூல் பிசிறுகள்.

"இதுதான் உங்க நாத்தம். கடிக்கிறப்ப எல்லாம் ஒரு துளி பிசிறு இந்தச் சந்துல போய்ச் சேர்ந்திருக்கு. அது வெளியில வர வழியில்லை. உள்ளேயே அழுகி, சீழ் வச்சு, பல்லோட வேரையும் தின்னுடுச்சு. வெளியில எவ்வளவு தேய்ச்சாலும் இது போகாது."

வேம்புலி பஞ்சின்மேல் குனிந்து பார்த்தான். பிசிறுகளில் ஒன்று கரும்பச்சை. அது பள்ளிக்கூடப் பாவாடை தைத்த நூல். ஜூன் மாதம் முழுக்க அதைத்தான் தைத்தார்கள். காக்கி ஒன்று. வெள்ளை என்று தெரிகிற ஒன்று. அப்புறம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பிசிறு. போன தீபாவளிக்குக் கிறிஸ்துதாஸ் ஆசைப்பட்டுத் தைத்துக்கொண்ட சட்டை. தன் கைவேலையையெல்லாம் தன் வாயிலேயே சேர்த்து வைத்திருந்தான்.

"பல்லை எடுத்தாகணும்" என்றார் டாக்டர்.

"எடுத்தா கண்ணு..."

"கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. தினம் எத்தனை பேருக்கு எடுக்கிறோம்."

அவர் சொன்னதை வேம்புலி நம்பவில்லை. நம்பாமலேதான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். அந்தத் துணிச்சலைத் தனியாகச் சொல்லவேண்டும். கண் போகாது என்று தெரிந்து உட்கார்கிறவர்கள் வேறு.

வெளியே வராந்தா பெஞ்சில் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கண் திறந்திருந்தது. வலது கண்ணை இறுக மூடியிருந்தான்.

"தொறடா" என்றாள் அங்கம்மா.

தலையை ஆட்டினான்.

"மூடியே வச்சிருந்தா மட்டும் போன கண்ணு வந்துடுமா? தொற."

அவன் கை தானாகச் சட்டைக் காலருக்கு அடியில் போனது. தையல்காரன் அங்கே எப்போதும் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருப்பான். அங்கம்மா தன் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தாள். வழக்கம்போல நுனியை நனைக்க வாய்க்குக் கொண்டுபோனான், பஞ்சு இருந்தது. கையை இறக்கினான். நூலை விரல்களுக்கு நடுவே முறுக்கினான். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணைத் திறந்தான்.

வராந்தா வெளிச்சத்தில் ஊசியின் காது தெரிந்தது. எப்போதும் போலத் தெரிந்தது. நூல் காய்ந்தபடியே முதல் தடவையில் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது.

அங்கம்மா, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். பக்கத்து பெஞ்சிலிருந்த கிழவி, "பாவம், யாரு செத்தாங்களோ" என்று தன் மகளிடம் சொன்னாள்.

பல் போன இடம் ஆறும்வரை உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். மறுபடியும் போய் மற்றப் பற்களையும் சுத்தம் செய்துகொண்டு வந்தான். டாக்டர் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: நூலில் பல் படக் கூடாது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கை துணியைத் தூக்கும், வாய் திறக்கும், அப்போது ஞாபகம் வரும். சின்னக் கத்தரி ஒன்றைக் கயிற்றில் கட்டி மெஷினிலேயே தொங்கவிட்டான். வேகம் குறைந்தது. கிறிஸ்துதாஸ் முதல் தடவையாக அவனை முந்தினான், முந்திவிட்டு, "இன்னா மாமே, பல்லு போனதும் பவிசும் பூட்ச்சா?" என்று சீண்டினான். ஆனால் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டுதான் சீண்டினான். அது வேம்புலியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

இருந்தாலும் டேப் ஆணியிலேயே தொங்கியது. வேம்புலி தானாகப் போய்க் கேட்கவில்லை. சரியாகிவிட்டதா இல்லையா என்று அவனுக்கே நிச்சயமில்லை. அக்கா போய்விட்டது என்கிறாள். அவள் முன்பும் சொல்லாமல் இருந்தவள்தானே? கிறிஸ்துதாஸ் சொன்னால் அது கிண்டலா நிஜமா என்று தெரியாது. முதலாளி அம்பத்தூர் மாஸ்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருப்பதாகவும் பேச்சு அடிபட்டது. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோதும் வேம்புலி உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பூஜைக்கு இராமகிருஷ்ணன் மாஸ்டர் வந்தார். மருமகன் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டுப் போனான். கையில் ஒரு சட்டைத் துணி.

"தீவாளிக்கு எனக்கு ஒரு சட்டை வோணும் மொதலாளி. எவன் அளவெடுக்கறான்?"

சண்முகசுந்தரம் வேம்புலியைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். "அதான் மாஸ்டர் இன்னும் முடிவாகல. இவன்தான். ஆனா இவனுக்கு..."

"தெரியும், தெரியும். கிறிஸ்துதாசு ஊட்டாண்ட வந்தப்ப சொன்னான்." பெரியவர் மேசையைத் தடவி அதன் முன்னால் வந்து நின்றார். "வேம்புலி, டேப்ப எட்த்துகினு வா. முன்னால நில்லு. பின்னால போனா ஒதப்பேன்."

வேம்புலி டேப்பை எடுத்தான். அவர் முன்னால் ஓரடி தள்ளி நின்றான்.

"இன்னும் கிட்ட. எனக்குக் கண்ணுதான் போச்சு. மூக்கு நல்லாத்தான் கீது. ம், வாயத் தொறந்து எதுனா பேசு."

"இன்னா பேசறது மாஸ்டர்?"

"பல்ல புடுங்கிக்கினியாமே. கண்ணு எப்பிடி கீது?"

"நல்லா கீது மாஸ்டர். உங்களுக்குத்தான் பாவம், பல்லால..."

"பல்லால எவன்டா சொன்னான்?" பெரியவர் குரலைத் தாழ்த்தவில்லை. "பல்லு போறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு மங்கிப் பூட்ச்சு. ஊசிக்கு நூலு கோக்க உன்ன எதுக்குக் கூப்ட்டுகினு இருந்தேன், நீ அழகா கீறேன்னா? டேப்புல கோடு தெரியாம நெகத்தால தடவித்தான் அளவு சொன்னேன். பல்லப் புடுங்குனதும் நீங்கள்லாம் பல்லாலன்னு சொன்னீங்க. எனக்கும் அது தோதா இருந்தது, வுட்டுட்டேன்."

சண்முகசுந்தரம் தலையைச் சொறிந்தார். பல்லுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட்டுக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

வேம்புலி பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மூக்கு சுருங்கவில்லை. விரல் மீசைக்குப் போகவில்லை. முகம் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. இவ்வளவு கிட்ட நின்று, இவ்வளவு நேரமாக அவன் மூச்சு அவர் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாடா நிக்கற? கை வலிக்குது, அளவ எடு" என்றார் அவர், இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு.

வேம்புலி மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ரோட்டில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்கும்படி சொன்னான்.

"மார்பு முப்பத்தெட்டு!"

"இன்னாடா முப்பத்தெட்டு? என் மார்பு நாப்பதுடா."

"எளச்சிட்டீங்க மாஸ்டர்."

பெரியவர் விரலைக் கொண்டுபோய் டேப் சேர்ந்த இடத்தில் நகத்தால் தடவினார். கோட்டை எண்ணினார். கையை எடுத்துவிட்டு, சண்முகசுந்தரம் இருந்த திசைக்குத் தலையைத் திருப்பினார்.

"சரியாத்தான் சொல்றான். எழுதிக்க மொதலாளி."

சண்முகசுந்தரம் பென்சிலை எடுத்தார். வேம்புலி டேப்பைத் தோளுக்கு மாற்றி, அடுத்த அளவைச் சொல்ல வாயைத் திறந்தான்.